அஞ்சுகவல்லி வைத்துக்கொண்ட ஒரே சொல்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கும் காது இருந்த காலத்திலே, முத்தரங்கம் என்றொரு துறைமுகப் பட்டணம். அங்கே அஞ்சுகவல்லி என்றொரு பெண். எந்தத் தேசத்துக் கப்பல் வந்தாலும் அந்தத் தேசத்துப் பேச்சிலேயே பேசுவாள். அரசனுக்கு அவள்தான் துபாஷி.

ஒருநாள் கருநாகன் என்ற மந்திரவாதி சபைக்கு வந்து பாதி ராஜ்ஜியம் கேட்டான். அரசன் மறுத்தான். மந்திரவாதி கோலைத் தட்டினான், அரசன் கல்லானான். மறுபடி தட்டினான், ஊர்க் கிணறெல்லாம் வற்றின.

"மலையுச்சியில் பட்டுப்போன மாமரம் ஒன்று நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் பழுக்கும். அந்தப் பழச்சாறு பட்டால் அரசன் எழுவான். வடநாட்டு அரக்கி காவல் இருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் யாரால் முடியும்?" என்று சிரித்தான்.

"நான் போகிறேன்," என்றாள் அஞ்சுகவல்லி.

"போ! ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொள். மற்றதெல்லாம் எனக்கு."

அவள் யோசித்தாள். "மா," என்றாள். மற்ற சொற்கள் பறந்துபோயின.

"ஒற்றை எழுத்தா! மாங்காய் கேட்டே திரிவாய்!"

துறைமுகத்துக்கு ஓடினாள். குதிரைமேல் சீன வணிகர் ஒருவர். குரலைத் தாழ்த்தி வளைத்து, "மா!" என்றாள். சீனத்தில் அது குதிரை. அவள் தவிப்பைப் பார்த்தவர் இறங்கிக் கடிவாளத்தைக் கொடுத்தார்.

அரபு மாலுமியிடம் குரலைச் சட்டென்று வெட்டி, "மா!" என்றாள். அரபியில் அது தண்ணீர். தோல்பை நிறையத் தந்தார்.

குதிரை மலையேறியது. அரக்கி வாயைப் பிளந்தாள். "ஒரே வாயில் விழுங்குவேன்!"

அஞ்சுகவல்லி குதிரையிலிருந்து இறங்கினாள். நிமிர்ந்து நின்று, மூக்கோடு இழைத்து, "மா!" என்றாள். வடநாட்டில் அது அம்மா.

அரக்கிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னை யாருமே இப்படிக் கூப்பிட்டதில்லையே, மகளே!" என்று வழிவிட்டாள்.

அஞ்சுகவல்லி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். மரம் துளிர்த்தது, பூத்தது, பழுத்தது. ஒரு கனியைப் பறித்துக்கொண்டு குதிரையில் பறந்தாள்.

சூரியன் கடலைத் தொடும்போது கல்லின் உதட்டில் சாற்றைப் பிழிந்தாள். அரசன் மூச்சுவிட்டான். மந்திரக்கோல் முறிந்தது, மந்திரவாதி புகையாய்ப் போனான், கிணறுகள் ஊறின.

"என்ன வேண்டும், கேள் அம்மா," என்றான் அரசன்.

"என் பேச்சு திரும்பிவிட்டது அரசே, எனக்கு அது போதும்."

"எனக்குப் போதாது!"

பட்டத்து யானைமேல் அவளை ஏற்றி, அரசனே முன்னால் நடந்தான். கப்பல்காரர்களெல்லாம் அவரவர் மொழியில் வாழ்த்தினார்கள். அஞ்சுகவல்லி தலைநிமிர்ந்து, ஒருவரையும் விடாமல், அவரவர் மொழியிலேயே பதில் சொல்லிக்கொண்டு போனாள்.