எல்லோருக்கும் ஒரே தனித்திட்டம்

மூங்கிற்காட்டின் நடுவே, ஓடைக்கரையில், விலங்குக் குட்டிகளுக்கான பள்ளி ஒன்று இருந்தது. அங்கே கற்பிக்கப்பட்டது ஒரே பாடம்தான்: ஓசை அறிதல். சருகு அசைந்தால் அசைத்தவர் யார், சுள்ளி முறிந்தால் முறித்தவர் யார் என்று காதால் கேட்டே சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் சிறுத்தை ஒன்று காட்டுக்குள் குடிவந்திருந்தது. ஆகவே, பாடத்தில் தேறாத குட்டிக்கு மதிப்பெண் குறையாது. பள்ளியில் ஒரு குட்டியே குறைந்துவிடும்.

ஆசிரியை மிளா அம்மையார், பெரிய மான் இனத்தவர். நெடிய கால்களும் நேரான பார்வையும் உடையவர். கண்டிப்பானவர்.

ஒருநாள் புதருக்குள் ஏதோ சலசலத்தது.

"யார் அது?" என்று கேட்டார் மிளா.

"யானை!" என்றது கரடிக்குட்டி.

"யானையாக இருந்தால் நீ இத்தனை வசதியாக உட்கார்ந்திருக்க மாட்டாய். வேறு யாருக்குத் தெரியும்?"

"ஓணான், அம்மா," என்றாள் இலந்தை என்னும் சருகுமான் குட்டி. முயலளவே இருப்பாள். "பின்னங்கால் ஒன்றில் முள் தைத்திருக்கிறது. நொண்டுகிறது."

மிளா புதரை விலக்கிப் பார்த்தார். ஓணான்தான். முள்ளும் இருந்தது.

"மிக நன்று! உன் திறமைக்கு இந்த வேலை போதாது. மற்றவர்களைவிட இரு மடங்கு ஓசைகளை நாளை நீ கேட்டு வர வேண்டும்!"

இலந்தை இரு மடங்கு கேட்டு வந்தாள். அனைத்தும் சரி. மகிழ்ந்துபோன ஆசிரியை அதையும் இரட்டித்தார். அதுவும் சரி. மீண்டும் இரட்டித்தார். ஓணான், அணில், ஓணான், அணில் என்று கேட்டுக் கேட்டு இலந்தைக்குக் கொட்டாவி வந்தது. அறிவுள்ள குட்டி அல்லவா? விரைவில் ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் முதல், எதைக் கேட்டாலும், "தெரியவில்லை, அம்மா," என்றாள்.

அருகில் உட்கார்ந்திருந்த கிழங்கன் என்னும் பன்றிக்குட்டி அவள் காதோடு கேட்டான். "தெரிந்துகொண்டே ஏன் தெரியாது என்கிறாய்?"

"தெரிந்தால் வேலை கூடுகிறது."

"எனக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. எனக்கும் வேலை கூடத்தான் செய்கிறது!"

மிளா இதைக் கேட்கவில்லை. ஆனால் வேறொன்றைக் கண்டார். வகுப்பு முடிந்ததும் இலந்தையை அழைத்தார்.

"உன் வாய் தெரியாது என்கிறது. உன் காதோ நான் கேட்பதற்கு முன்பே சரியான திசைக்குத் திரும்பிவிடுகிறது. எது பொய் சொல்கிறது?"

இலந்தை தலைகுனிந்தாள்.

"நிமிர்ந்து நில். பொய் உன்னுடையது; அதற்குக் காரணமான தவறு என்னுடையது. தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கொடுத்து அதைப் பரிசு என்று எண்ணிவிட்டேன். சொல், உனக்கு எது தெரியாது?"

"சிறுத்தையின் நடை, அம்மா. அது ஓசையே எழுப்புவதில்லை. இல்லாத ஓசையைக் கேட்பது எப்படி?"

"அது எனக்கும் தெரியாது," என்றார் மிளா. "தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். உனக்கென்று ஒரு தனித்திட்டம் வகுப்போம்."

இவ்வாறு, நாள்தோறும் மாலையில் நாவல் மரத்து வௌவாலிடம் இலந்தை பாடம் கேட்கத் தொடங்கினாள். வௌவால் கிளையில் தலைகீழாகத் தொங்கினார். இலந்தை மரத்தடியில் கண்மூடி அமர்ந்தாள்.

"சிறுத்தையைக் கேட்க முயலாதே," என்றார் வௌவால். "சில்வண்டுகளைக் கேள். அது நடக்கும் வழியில் அவை ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்ளும். ஓசை எங்கே நிற்கிறதோ அங்கே சிறுத்தை வருகிறது."

இலந்தையின் கொட்டாவி அன்றோடு நின்றது. இன்னும் சில மாலைகள் பயின்றால் காட்டுக்கே காவல் கிடைத்துவிடும் என்று மிளா நிம்மதியடைந்தார்.

ஆனால் கிழங்கனின் தந்தை, பன்றியார், இதை ஒரு புதரின் மறைவிலிருந்து பார்த்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பெற்றோர் அனைவரும் ஓடைக்கரையில் கூடிவிட்டனர்.

"என் மகன் என்ன கிள்ளுக்கீரையா?" என்று உறுமினார் பன்றியார். "அந்தச் சுண்டுவிரல் குட்டிக்கு மட்டும் தனித்திட்டமா?"

"பக்கத்துப் புதர்க்காரி மகளுக்குத் தனி, என் பிள்ளைக்குப் பொதுவா?" என்று மூக்கைச் சிந்தினாள் கரடியம்மாள். "நாளைக்கு நான் எப்படித் தேனடைப் பக்கம் தலைகாட்டுவேன்?"

மிளா பொறுமையோடு விளக்கினார். "ஐயா, அம்மா, அது இலந்தையின் செவிக்கென்றே வகுத்தது. ஆகவேதான் அதற்குத் தனித்திட்டம் என்று பெயர்."

"அப்படியானால் அதே தனித்திட்டத்தை எல்லோருக்கும் கொடுங்கள்!"

"கொடுங்கள்! கொடுங்கள்!" என்று காடே அதிர்ந்தது.

அத்தனை பெற்றோரும் ஒரே குரலில் கத்தினால் எந்த ஆசிரியைக்கும் காது அடைத்துப்போகும். மிளா இணங்கிவிட்டார். இணங்கியிருக்கக் கூடாது.

"நான் மறைந்திருந்து பார்த்தவன், சொல்கிறேன் கேளுங்கள்," என்றார் பன்றியார் மற்றப் பெற்றோரிடம். "சூட்சுமம் முழுவதும் தொங்குவதில்தான் இருக்கிறது. தலைகீழாகத் தொங்கினால் அறிவு கீழிறங்கிக் காதில் சேர்ந்துவிடும்!"

"ஆனால் இலந்தை தொங்கவில்லையே?" என்றது ஒரு முயல்.

"அவள் வீட்டில் தொங்கிப் பழகியிருப்பாள்! வெளியே சொல்வார்களா?"

அன்று மாலை நாவல் மரம் காணக்கூடாத காட்சியாக இருந்தது. கிளைக்குக் கிளை குட்டிகள் தொங்கின. கரடிக்குட்டி தொங்கிய கிளை முறிந்தது, அவனை வேறு கிளைக்கு மாற்றினார்கள், அதுவும் முறிந்தது. முயல்குட்டி வீறிட்டு அழுதது. கிழங்கனின் பின்னங்கால்களைப் பன்றியார் கொடியால் கட்டித் தாழ்ந்த கிளையில் தம் கையாலேயே தொங்கவிட்டிருந்தார்.

"கண்ணை மூடுடா!"

"அடுத்த கிளைப் பையன் எவ்வளவு அழகாகத் தொங்குகிறான், பார்!"

வௌவால் இரு சிறகுகளாலும் தம் செவிகளைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா, ஒரு சில்வண்டுகூடப் பாடவில்லையே!" என்று பதறினாள் இலந்தை.

"இந்தக் கூச்சலில் எது பாடும், குழந்தாய்? எல்லாமே நின்றுபோனால், எங்கே நின்றது என்று எப்படி அறிவாய்?"

இலந்தை தன் சிற்றடியால் தரையைத் தட்டித் தட்டி எச்சரித்தாள். எவரும் கேட்கவில்லை. அப்போது தலைகீழாக இருந்த கிழங்கனின் மூக்கு துடித்தது.

"அப்பா, ஒரு நாற்றம் வருகிறது."

"இது காது வகுப்பு! மூக்குக்கு இங்கே வேலையில்லை!"

"ஈரத்தோலும் பழைய இரத்தமும் கலந்த நாற்றம், அப்பா. மூங்கில் பக்கமிருந்து வருகிறது."

"அடேய்! இலந்தை மூக்கை வைத்துக்கொண்டா பெயர் வாங்கினாள்? காதைத் தீட்டு!"

"கிட்டே வருகிறது, அப்பா!"

மகனின் கவனம் சிதறுகிறதே என்று பன்றியார் மனம் நொந்தார். ஓடைக்கரைச் சேற்றை அள்ளி அவன் மூக்கின் இரு துளைகளிலும் அப்பினார்.

மூக்கு அடைபட்ட குட்டி வேறென்ன செய்யும்? வாயைத் திறந்தது. பன்றிக்குட்டி மட்டுமே போடக்கூடிய அலறல் ஒன்று காட்டைப் பிளந்தது.

"சிறுத்தை!"

அனைவரும் வாயடைத்துப்போயினர். அந்த நொடி நேர அமைதியில், உலர்ந்த மூங்கிலிலை ஒன்று மெல்ல நெரிவது இலந்தையின் செவியில் விழுந்தது.

"மூங்கிலின் இடப்பக்கம்!" என்று கூவினாள். "பதுங்குகிறது! கிழங்கன்மேல் பாயப்போகிறது!"

மிளா முன்னங்காலால் தரையை அறைந்து காடெல்லாம் கேட்க எச்சரிக்கைக் குரல் எழுப்பினார். குட்டிகள் பழங்களைப் போல் பொலபொலவென உதிர்ந்து ஓடின. பன்றியார் ஒரே தாவில் தம் கொம்புப் பல்லால் கொடியை அறுத்தார். கிழங்கன் தந்தையின் முதுகில் விழுந்தான். பாய்ந்துவந்த சிறுத்தையின் வாயில் அறுந்த கொடி மட்டுமே அகப்பட்டது.

சிறுத்தை கொடியைத் துப்பியது. தன்னை எதிர்த்து நிற்கும் பன்றியாரின் பல்லைப் பார்த்தது.

"வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தீர்கள். எனக்கு விருந்து வைக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்! வேண்டாமென்றால் முன்பே சொல்லியிருக்கலாம்!" என்று சலித்துக்கொண்டு மூங்கிலுக்குள் மறைந்தது.

மறுநாள் காலை பன்றியார் தலைகுனிந்தபடி பள்ளிக்கு வந்தார். "அம்மா, என் மகனுக்கு மூக்கில்தான் திறமை என்று தெரியாமல் போய்விட்டது. அவனுக்கு ஒரு வாசனைத் திட்டம் வகுத்துக் கொடுங்கள்."

"வாசனைத் திட்டமா?" என்று பாய்ந்து வந்தாள் கரடியம்மாள். "அப்படியானால் என் பிள்ளைக்கும் அதே..."

மிளா அவளை ஒரு பார்வை பார்த்தார். கரடியம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பெற்றோர் அனைவரும் ஓடைக்கு அக்கரையில் நில்லுங்கள்," என்றார் மிளா. "குட்டிகள் ஒவ்வொருவராக என்னிடம் வரட்டும். முதலில் கிழங்கன். குழந்தாய், உன் திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்?"

"நாற்றத்தை வைத்தே தூரத்தைச் சொல்லக் கற்க வேண்டும், அம்மா."

"நல்லது. வேறு ஏதேனும்?"

கிழங்கன் அக்கரையில் நின்ற தந்தையை ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"எந்தத் திட்டமானாலும் சரி, அம்மா. தலை மேலேயும் கால் கீழேயும் இருந்தால் போதும்!"

ஒரு பிள்ளையின் ஆற்றலுக்கு அளவெடுத்து அமைத்த கல்வியைப் பொறாமையால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டால், அது உரியவருக்கும் உதவாது, மற்றவருக்கும் பொருந்தாது.