பண்ணையாரின் டச்சுக் கோழி

பண்ணையார் சங்கரலிங்கம் ஏலத்தில் ஒரு டச்சு ஓவியத்தை வாங்கிவந்து கூடத்தில் மாட்டினார். படத்தில் ஒரு குடியானவன் கோழியும் கையுமாக ஒருத்தியின் வாசலில் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறான்.

மனைவியும் விருந்தாளிகளும் பார்த்திருக்க, சமையல்காரி உலகம்மாளைக் கூப்பிட்டார்.

"இதுல என்ன தெரியுது?"

"கோழிங்க."

"முட்டாளே! சீமைப் படத்துல எல்லாத்துக்கும் உள்ளர்த்தம் உண்டு. அதைச் சொல்லு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

உலகம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். "நேத்து சாயங்காலம் நீங்களும் இப்படித்தான் கோழியோட என் வீட்டு வாசல்ல வந்து சிரிச்சீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க அய்யா, இதுக்கும் அதையே சொல்லிடறேன்."

பண்ணையாருக்கு வேர்த்துக் கொட்டியது. "அர்த்தமாவது ஒண்ணாவது! கோழின்னா வெறும் கோழிதான்!"

"எந்தக் கோழிங்க?" என்றாள் மனைவி. "காணாமப் போன என் கருங்கோழியா?"