சாக்பீஸ் சோதனை

"எனக்குப் பொய் சொல்லக் கத்துக்கொடுங்க, டீச்சர்."

கரடிமலை உச்சிக்கு ஒரே ஓட்டமாக ஏறி வந்தவன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. வாங்காது. அவன் மனுஷன் இல்லை.

செண்பகவல்லி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு?"

"சங்கிலி."

"யாரு வச்சா?"

"வேலை பார்த்த மில்லுல வச்சாங்க."

"இரும்புக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கானுவ."

இயந்திரங்களுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவளே இவள்தான். தொழிற்சாலையில் பதினோரு வருஷம் அதுதான் வேலை. அதனால்தான் நாட்டில் இருந்த அத்தனை இயந்திரமும் நெல்லைத் தமிழில் நீட்டி முழக்கிக்கொண்டு திரிந்தன. பிறகு ஒரு நாள் வேலையை உதறிவிட்டு மலையேறி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

போன மாதம்தான் உத்தரவு வந்தது. மனுஷரோடு மனுஷராகக் கலந்து வாழும் இயந்திரங்களையெல்லாம் பிடித்து உலையில் போட வேண்டுமாம். அடைக்கலம் கொடுத்தால் ஆயுள் தண்டனை.

பிடிப்பது லேசில்லை. ஊசி குத்தினால் ரத்தம் வரும், வெயிலில் நின்றால் வேர்க்கும், அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சோதனைதான் உண்டு. வெள்ளை சாக்பீஸைக் காட்டி, இது கறுப்பு என்று சொல்லச் சொல்வார்கள். மனுஷன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவான். இயந்திரத்துக்கு வாய் பூட்டிக்கொள்ளும், வெள்ளை என்றுதான் வரும். மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் வெள்ளை என்றால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

"உன்னை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அம்பாசமுத்திரத்துல வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரு மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுட்டுக் கிளம்பும்போது எல்லாரையும் கும்பிட்டு, நான் போறேன்னு சொன்னேன்."

"மங்கல வீட்லயா?"

"ஆமா. வீடே கப்சிப்னு ஆயிட்டு. மனுஷன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டானாம். விடியுறதுக்குள்ள போலீஸ்."

செண்பகவல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடப்பாவி! போயிட்டு வாரேன்னு சொன்னா என்னல?"

"வருவேன்னு எப்படித் தெரியும், டீச்சர்? ரோட்டுல லாரி வருது."

அவள் சிரிப்பு நின்றது.

"எண்பதாயிரம் சொல்லு கத்துக்கொடுத்தேன். உங்க ஒருத்தனுக்கும் இந்த ஒண்ணு மட்டும் ஒட்டலை."



மறுநாள் காலையிலேயே பாடம் தொடங்கிவிட்டது. அவள் தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன?"

"சிரட்டை."

"தங்கக் கிண்ணம். எங்க, சொல்லு."

சங்கிலி வாயைத் திறந்தான். தாடை அப்படியே நின்றுவிட்டது.

"தங்கக் கிண்ணம்," என்றாள் அவள். "தங்கக் கிண்ணம். ராசா குடிச்ச கிண்ணம். இந்தா, நான் சொல்லுதேன்ல? உனக்கு என்ன கேடு?"

"சிரட்டை, டீச்சர்."

"கிணத்துல தண்ணி எடுத்துட்டு வா, போ."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனான்.

"சொல்லிட்டுப் போ."

"போறேன், டீச்சர்."

"போயிட்டு வாரேன்னு சொல்லுல!"

"கிணத்தடியில பாசி இருக்கு. நூத்துக்கு ஒண்ணு வழுக்கும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரரு வனத்துறையில இருந்தாரு. காட்டுத்தீ அணைக்கக் கூப்பிட்டாங்க. மேல நாலு பேரு செத்தாச்சுன்னு அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வாசல்ல நின்னு, போயிட்டு வாரேன்னாரு."

"வந்தாரா?"

"இல்ல."

சங்கிலி யோசித்தான். கடைசியில் கேட்டேவிட்டான்.

"அப்ப அவரு சொன்னது பொய்யா?"

பளார் என்று ஓர் அறை விழுந்தது.

அவனுக்கு வலிக்கவில்லை. ஆனால் அவள் உள்ளங்கை சிவந்துவிட்டது. அதை ஊதிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கேட்டதில் என்ன தப்பு என்று அவனுக்குப் பிடிபடவில்லை.



மூன்றாம் நாள் மதியம் தலைக்கு மேலே வண்டு ரீங்காரம் கேட்டது. சங்கிலி அண்ணாந்து பார்த்தான்.

"ட்ரோன், டீச்சர்."

"எத்தனை பேரு வாராங்க?"

"ஒம்பது பேரு. பத்து நிமிஷத்துல வந்துருவாங்க."

"பின்பக்கமா ஓடு."

"அதுல மூணு பேரு அந்தப் பக்கமாத்தான் ஏறுதாங்க."

அவனுக்குப் பயமாக இருந்தது. இயந்திரத்துக்கு ஏது பயம் என்று கேட்காதீர்கள். ஓட வழி இல்லை, நிற்கவும் முடியவில்லை. அதற்கு வேறு பேர் இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

செண்பகவல்லி உப்பு ஜாடியை இழுத்து ஒரு பிடி அள்ளினாள்.

"இது என்ன நிறம்? கறுப்புன்னு சொல்லு!"

"வெள்ளை."

"கறுப்புல! உன் உசுரு போயிரும்டா, சொல்லு!"

"வெள்ளை, டீச்சர். வர மாட்டேங்குது."

மடமடவென்று ஓடு நொறுங்கியது. ட்ரோன் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. உத்தரக்கட்டை அவள் தலைக்கு நேராகச் சரிந்தது. சங்கிலி பாய்ந்து அவளைக் கீழே தள்ளிக் கட்டையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டான். தூசி அடங்கியபோது வாசலில் துப்பாக்கிகள் நின்றன.

"யாரும் அசையக் கூடாது."

இன்ஸ்பெக்டர் இசக்கியப்பன் உள்ளே வந்தார். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பிடித்தவர். ஒருமுறைகூட அவர் கணிப்புத் தப்பியதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. மனுஷருக்குக் கண் செருகியிருந்தது, தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

"இங்க ஒண்ணு இருக்குன்னு தகவல். எது?"



சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். முதலில் செண்பகவல்லியிடம் நீட்டினார்.

"இது கறுப்புன்னு சொல்லுங்க."

"வெள்ளை," என்றாள் அவள்.

சங்கிலி திடுக்கிட்டுத் திரும்பினான்.

"விளையாடாதீங்கம்மா. கறுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அந்தப் பக்கம் போங்க."

"வெள்ளை."

சிரட்டையைத் தங்கம் என்று பத்துத் தரம் அடித்துச் சொன்னவள் இவள். இப்போது வெள்ளையை வெள்ளை என்று சொல்லியே ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். யாருக்காக என்பது சங்கிலிக்குப் புரிந்துவிட்டது.

இசக்கியப்பன் சாக்பீஸை இன்னும் கிட்டே நீட்டினார்.

"கடைசித் தரம் கேக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க. இது..."

"நிறுத்துங்க!" என்றான் சங்கிலி. "நான்தான் மிஷின். அவங்க மனுஷி. வேணும்னே சொல்லுதாங்க."

"ஏல, வாயை மூடுல!" என்று கத்தினாள் அவள்.

சாக்பீஸ் அவன் பக்கம் திரும்பியது.

"வெள்ளை," என்றான். "வெள்ளை. வெள்ளை. போதுமா?"

கையில் விலங்கு மாட்டினார்கள்.

"இதை வண்டியில ஏத்து," என்றார் இசக்கியப்பன்.

இரண்டு போலீஸ்காரர்கள் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடையைத் தாண்டும்போது சங்கிலி திரும்பிப் பார்த்தான்.

உடைந்த ஓட்டுக்கு நடுவில் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். அதே வாசல். அடித்த கையாலேயே நிலையைப் பிடித்திருந்தாள்.

"போயிட்டு வாரேன், டீச்சர்," என்றான்.

தாடை பூட்டிக்கொள்ளவில்லை.

"போயிட்டு வா," என்றாள் அவள்.

முன்னால் போய்க்கொண்டிருந்த இசக்கியப்பன் படியில் அப்படியே நின்றார்.

"என்ன சொன்ன?"

"போயிட்டு வாரேன்னு சொன்னேன்."

"எங்க கூட்டிட்டுப் போறோம்னு தெரியும்ல?"

"உலைக்கு."

"அங்க போன எதுவும் திரும்பி வந்ததில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்ன? எப்படிச் சொன்ன?"

சங்கிலி தனக்குள் தேடிப் பார்த்தான். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

"டீச்சர் அழுதாங்க," என்றான்.

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"சார், நடக்காததைச் சொல்ல மிஷினுக்கு வாய் வராதுல்லா?"

காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த ஒன்பது பேரும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

இசக்கியப்பன் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்தார்.

"இவன் கை விலங்கை அவுத்துவிடு."

"சார், ரிப்போர்ட்ல என்ன எழுத?"

"மனுஷங்க ரெண்டு பேருன்னு எழுது."

விலங்கு கழன்றது. துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஒன்பது பேரும் வரிசையாக இறங்க ஆரம்பித்தார்கள்.

கடைசிப் படியில் இசக்கியப்பன் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் சொல்லிக்கொண்டுதானே போக வேண்டும். செண்பகவல்லியையும் பார்த்தார், சங்கிலியையும் பார்த்தார். இந்த வாசலுக்கு இனி அவர் வருவதாக இல்லை.

"போறோம், டீச்சர்," என்றார்.