நிரூஷனின் முழங்கால்

பெப்ரவரி மாதத்தில் எந்தக் கழகமும் தோற்பதில்லை.

ஆஸ்திரேலிய விதிக் காற்பந்துக்கு ஏப்ரலில்தான் பருவம் பிறக்கும். அதற்கு முந்திய மாதங்களில் பயிற்சி மட்டுமே. ஓட்டம், உதை, மறுபடி ஓட்டம். புள்ளிப் பட்டியல் வெறுமையாகக் கிடக்கும். அதனால் ரசிகர்களின் வாய்க்கு அதுதான் நல்ல விளைச்சல் காலம்.

மெல்பேர்னின் தென்கிழக்கில் இருந்த ரெட்கம் பார்க் கழகத்துக்கு அப்படியொரு ரசிகர் வாய்த்திருந்தார். பெயர் குகதாசன். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வருடக்கணக்காகத் தண்டவாளத்தில் ஓடியதால் சொன்ன கருத்தைத் திருப்ப அவருக்குத் தெரியாது என்பது அவருடைய மனைவியின் கணிப்பு. மாலையில் வேலியில் சாய்ந்து நின்று பயிற்சியைப் பார்ப்பார். சாப்பிட்டதும் முகநூலில் தமிழில் எழுதுவார். யார் மெலிந்துவிட்டான், யாருக்கு உதை திருந்தியிருக்கிறது, யாரை வீட்டுக்கு அனுப்பலாம். எண்ணூறு பேர் படித்தார்கள். தமிழ்க் கடைகளில் அரிசி வாங்க வந்தவர்கள்கூட அவரை மறித்து, "அண்ணை, இந்த முறை எப்பிடி?" என்று கேட்டார்கள்.

"இந்த முறை எங்கட முறை" என்பார் குகதாசன். ஒன்பது வருடமாக அதையே சொல்லி வந்தார்.

சென்ற பெப்ரவரியில் மூன்று ஆட்டக்காரர்களைப் பற்றி, "வாழ்நாளில் இவ்வளவு திடமாக இருந்ததில்லை" என்று அவர் எழுதினார். அன்று கழகத்தின் உதவியாளர் தர்மினி, கணுக்காலுக்குக் கட்டுப் போடும் பட்டியைக் கிழித்துக்கொண்டே, "மே மாதத்துக்குள்ள மூண்டு பேரும் கட்டிலில" என்றார். குகதாசன் சிரித்தார். மே மாதம் மூன்றாம் ஆளும் கட்டிலுக்குப் போனபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

தர்மினிக்கு வயது முப்பத்தெட்டு. பகலில் ஆஸ்பத்திரியில் தாதி. மாலையில் கழகத்தில் சுளுக்கு, வீக்கம், ஐஸ். குகதாசன் இந்த ஜனவரியில் அவரிடம் போய் நின்றார்.

"பிள்ளை, உங்களை மாதிரிப் பாக்க எனக்கும் பழக்கி விடுங்கோ."

"ஐஸ் பெட்டி தூக்குவியளா?"

"தூக்குவன்."

"அப்ப தூக்குங்கோ."

அன்றிலிருந்து அவர் தர்மினியை "குருவே" என்று கூப்பிட்டார். முதல் வாரம் அது பகிடி. பிறகு அது பகிடியா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

இந்தப் பெப்ரவரியில் எல்லாருடைய கண்ணும் நிரூஷன் மேல் இருந்தது. கழகத்தின் முதல் அணியில் அதுவரை ஒரு தமிழ்ப் பெயர் ஏறியதில்லை. போன வருடம் ஏற இருந்தது. ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு, பந்துக்காக எழும்பிய நிரூஷன் இறங்கும்போது இடது முழங்கால் மடங்கி, உள்ளே தசைநார் அறுந்தது. சத்திர சிகிச்சை நடந்து பத்து மாதமாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை ஒத்திகை ஆட்டம். அதைத் தாண்டிவிட்டால் ஏப்ரலில் முதல் அணி அவனுக்கு.

குகதாசன் எழுதினார்: "கத்தி பட்ட கால் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நிரூஷன் தயார்."

அதைப் படித்து இரண்டு வான் வண்டி நிறையச் சனம் சனிக்கிழமைக்குப் பெயர் பதிந்தது. ஒருவர் தவில் கொண்டு வருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை குகதாசன் கேட்டார்.

"குருவே, நிரூஷன் ரெடிதானே?"

தர்மினி ஒருவனுடைய கணுக்காலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் என்ன எழுதினனீங்கள்?"

"ரெடி எண்டு."

"பிறகேன் என்னைக் கேக்கிறியள்?"

"ஒரு மாசமா ஐஸ் சுமக்கிறன். இன்னும் ஒண்டும் பழக்கேல்லையே எண்டுதான்."

"சரி. நாளைக்குப் பயிற்சிக்கு வராதேங்கோ."

"என்ன?"

"முடிஞ்ச பிறகு வாங்கோ. ஏழு மணிக்கு. வெயில் இருக்கும்."

"முடிஞ்ச பிறகு அங்க பாக்க என்ன இருக்கு?"

தர்மினி பட்டியின் நுனியைப் பல்லால் கடித்து அறுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குத் தர்மினி தன்னுடைய வானின் முன்னிருக்கையில் இருந்தார். பக்கத்து இருக்கையைக் காட்டினார். குகதாசன் ஏறி இருந்தார். எதிரே கழகக் கட்டடம். உடை மாற்றும் அறை மேல்மாடியில். அங்கிருந்து கார் தரிப்பிடத்துக்கு இருபத்திரண்டு சீமெந்துப் படிகள்.

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கார்கள் புறப்பட்டன. பெரிய வெள்ளை வண்டி ஒன்று வளைந்து திரும்பியது. அது முன்னணி வீரன் ஒருவனுடையது.

"என்ன பாத்தியள்?" என்றார் தர்மினி.

"காருக்குக் கடன் எடுக்காதவன் இந்தக் கழகத்தில ஒருத்தனும் இல்லை."

"நாளைக்கும் வாங்கோ."

புதன்கிழமை குகதாசன் கார்களைப் பார்க்கவில்லை. ஒருவன் இரண்டு படியாகத் தாவி வந்தான். ஒருவன் போனைப் பார்த்தபடி வந்தான். ஒருவன் கடைசி மூன்று படியில் மட்டும் கைபிடியைத் தொட்டான்.

"அவனுக்கு வலது கணுக்கால்" என்றார் குகதாசன், யாரும் கேட்காமல்.

தர்மினி தலையை ஆட்டினார்.

எல்லாரும் போய்விட்டார்கள். ஒரே ஒரு சின்னச் சிவப்புக் கார் மிஞ்சியிருந்தது. கால் மணி நேரம் கழிந்தது. பிறகு மேலே கதவு திறந்தது. நிரூஷன் வெளியே வந்து, கீழே ஆள் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.

இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தான். இடது காலை ஒரு படி கீழே வைத்தான். வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்த்தான். நின்றான். மறுபடி இடது காலை வைத்தான். நடை பழகும் குழந்தைதான் அப்படி இறங்கும்.

 குகதாசன் யோசிக்கவில்லை. வான் கதவைத் திறந்து இறங்கி, "தம்பி!" என்று கூப்பிட்டார்.

நிரூஷன் அவரைக் கண்டான். கைபிடியை விட்டான். மிச்சப் படிகளைக் கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப்போல மளமளவென்று இறங்கி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அங்கிள்! சனிக்கிழமை வாறியள்தானே? நீங்கள் எழுதினதை அம்மா பிரிண்ட் எடுத்துப் பிரிட்ஜில ஒட்டியிருக்கிறா."

"அப்பிடியா?"

"பால் எடுக்கப் போனாலும் என்ர முழங்கால்தான் நிக்குது" என்று சிரித்தான். நெற்றி முழுக்க வியர்வை. அன்று அப்படியொன்றும் வெக்கை இல்லை.

அவன் காருக்குள் ஏறினான். அது உடனே புறப்படவில்லை. நெடுநேரம் கழித்துத்தான் புறப்பட்டது.

குகதாசன் திரும்பி வந்து வானுக்குள் இருந்தார்.

"நீங்கள் பயிற்சியாளரிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். அவர் அவனைக் கேட்டவர். அவன் நோகேல்ல எண்டவன். நோவு என்ர காலிலயா இருக்கு?"

"அவன் ஏன் கைபிடியை விட்டவன்?"

தர்மினி திறப்பைப் போட்டு வானை இயக்கினார்.

"நீங்கள் இறங்கினீங்கள்" என்றார்.

 அன்று இரவு குகதாசன் ஒன்றும் எழுதவில்லை. "அண்ணை, குறிப்பு எங்கே?" என்று பதினேழு பேர் கேட்டிருந்தார்கள். "சனிக்கிழமைக்கு எத்தனை சோற்றுப் பார்சல்?" என்று பதினெட்டாம் ஆள் கேட்டிருந்தார். எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்த்தார். அழித்தால் எண்ணூறு பேரும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியும் அவன் காலில்தான் போய் விழும்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குத் தர்மினியின் வானில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

குகதாசன் படிகளின் உச்சியில் நின்றார். ஆட்டக்காரர்கள் அவரைத் தாண்டி இறங்கினார்கள். ஒருவன், "என்ன கிழவா, உன்னையும் அணியில சேத்திட்டாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போனான். "நாளைக்கு உன்ர இடத்துக்குத்தான் வாறன்" என்று இவரும் ஆங்கிலத்தில் கொடுத்தார்.

கடைசியில் கதவு திறந்தது. நிரூஷன் திடுக்கிட்டு நின்றான்.

"தம்பி, நல்ல நேரம் வந்தாய். ஏறி வந்திட்டன். இறங்கப் பயமா இருக்கு. ஒரு கையைத் தா."

"கைபிடி இருக்கே அங்கிள்."

"கைபிடி மட்டும் எனக்குப் போதாது."

நிரூஷன் கையைக் கொடுத்தான். குகதாசன் அவனைக் கைபிடிப் பக்கமாக விட்டுக்கொண்டார். முதற்படி. நின்றார்கள். இரண்டாம் படி. நடிப்பு என்றுதான் தொடங்கினார். ஐந்தாம் படியில் அவருடைய முழங்கால்கள் உண்மையாகவே முனகத் தொடங்கின. இத்தனை வருடம் ட்ராம் ஆசனத்தில் இருந்தே வேலை செய்த கால்கள்.

"மெல்ல அங்கிள்."

"மெல்லத்தான்."

பத்தாம் படியில் நிரூஷனின் மற்றக் கை தானாகப் போய்க் கைபிடியைப் பிடித்தது. குகதாசன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், உங்களுக்கு எந்தக் கால்?"

"ரெண்டும்."

இன்னும் இரண்டு படி இறங்கினார்கள்.

"எனக்கு ஒண்டுதான்" என்றான் நிரூஷன்.

குகதாசன் நின்றார். அவனும் நின்றான்.

"எப்ப இருந்து?"

"ஜனவரியில இருந்து. இறங்கேக்க மட்டும்."

"பிறகு ஏன் சொல்லேல்ல?"

நிரூஷன் கீழே கிடந்த மீதிப் படிகளைப் பார்த்தான்.

"ரெண்டு வான் வருதாமே அங்கிள்."

"வான்தானே" என்றார் குகதாசன்.  "ட்ராம் எண்டாத்தான் திருப்ப ஏலாது."

இருவரும் அதே வேகத்தில் கீழே வந்து சேர்ந்தார்கள். நிரூஷன் தன் காருக்குப் போகவில்லை. தர்மினியின் வானுக்குப் போனான். பிறகு அவனும் தர்மினியுமாகப் பயிற்சியாளரைத் தேடிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை முழங்காலைப் படம் எடுத்தார்கள். சிகிச்சையில் வைத்த புதுத் தசைநார் தாங்கியிருந்தது. அதைச் சுற்றி எல்லாம் வீங்கியிருந்தது. சனிக்கிழமை ஆடினால் என்னவாகும் என்று வைத்தியர் சொன்னார். நிரூஷனின் தாய் அழுதார்.

குகதாசன் இரண்டே வரி எழுதினார். "நிரூஷன் நாளை ஆடமாட்டான். தயார் என்று நான் எழுதியது பிழை."

எண்ணூறு பேரும் பேசினார்கள். அண்ணைக்கு வயது போய்விட்டது என்றார் ஒருவர். எங்கள் பிள்ளைக்கு நாங்களே குழி வெட்டுகிறோம் என்றார் இன்னொருவர். ஒரு வான் நின்றுபோனது. மற்ற வான் வந்தது. தவிலும் வந்தது. கழகம் எழுபத்தொரு புள்ளியால் தோற்றது. தவில்காரர் அடிப்பதற்கு ஓர் இடம் வருமா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உறையைப் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை தர்மினி பட்டிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். குகதாசன் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"குருவே, இதுதான் கடைசிப் பெட்டி."

"ஏன்?"

"என்ர எழுத்தாலதான் அவன் ஒரு மாசம் நோவை மறைச்சவன். இனி எழுதமாட்டன். இந்தப் பக்கமும் வரமாட்டன்."

"பிறகு?"

"வீட்டில இருந்து ரேடியோவில கேக்கிறன். அங்க நான் என்ன சொன்னாலும் மனிசிக்கு மட்டும்தான் கேக்கும்."

தர்மினி சுருள்களை எண்ணி முடித்தார். அலுமாரியைப் பூட்டினார்.

"நிரூஷனுக்கு ஆறு கிழமைக்கு ஓட்டம் இல்லை" என்றார். "நடை மட்டும். ஒவ்வொரு நாளும் ரெண்டு கிலோமீட்டர்."

"நல்லது."

"மெல்ல நடக்க வேணும். தனிய விட்டா ஓடிப்போடுவான்."

குகதாசன் ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தார்.

"உங்களுக்கு அறுபத்திரண்டு வயசு, என்ன?"

"அறுபத்திமூண்டு."

"இன்னும் நல்லது" என்றார் தர்மினி.