பேர் கேட்ட குரல்

ஒரு ஊர்ல ஒரு... ஊருன்னு சொல்றேன், ஆனா அங்க ஊரே இல்ல கண்ணு. மங்கோலியா. கண்ணுக்கெட்டின தூரம் புல்லு, புல்லுக்கு மேல வானம், அவ்வளவுதான். வெள்ளைக் கம்பளியில வட்டமா ஒரு கூடாரம், அதுதான் வீடு. அவங்க பாஷையில அதுக்கு ‘கெர்’னு பேரு. அந்த கெர்ல துல்மான்னு ஒருத்தி, அவ புருஷன் தோர்லிக், பொறந்து மூணே நாளான பொம்பளப் புள்ள. ம் சொல்லு.

அவளுக்கு இது மூணாவது. முதல் ரெண்டுக்கும் ஆசை ஆசையா அழகான பேரு வெச்சா. ரெண்டும் தங்கல. அங்க என்ன நம்பிக்கைன்னா, காத்தோட ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்குமாம். கொழந்தையோட பேரு தெரிஞ்சுட்டா, பேர் சொல்லிக் கூப்பிட்டே உசுரைக் கூட்டிக்கிட்டுப் போயிடுமாம். அதனால இந்தப் புள்ளைக்குப் புருஷனும் பொஞ்சாதியும் காதோட காதா ஒரு பேரு பேசி வெச்சுக்கிட்டாங்க. வெளியில மூச்சு விடல.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், பளிச்சுனு இருந்த வானம் சட்டுனு கறுத்துப் போச்சு. உய்ய்ய்ய்னு பனிக்காத்து. மேயப் போன ஆடு திரும்பல. “நான் வர்ற வரைக்கும் கதவைத் தெறக்காதே”ன்னுட்டு தோர்லிக் குதிரை ஏறிப் போயிட்டான்.

அப்போ... டொக், டொக்.

“துல்மா, பக்கத்து கெர் கெழவி வந்திருக்கேன். உனக்குச் சூப்பு கொண்டாந்தேன். ஆமா, கொழந்த பேரு என்ன?”

துல்மா எந்திரிச்சுப் போனா. போனவ அப்படியே நின்னுட்டா. அந்த நாட்டுல யாரு வந்தாலும் தூரத்துலயே “நொஹோய் ஹோர்!”னு கத்துவாங்க. நாயைப் பிடிங்கன்னு அர்த்தம். நாயே இல்லாத வீடானாலும் அப்படித்தான் கத்தணும். இந்தக் கெழவி கத்தல. வாசல்ல இருக்கிற நாயும் குலைக்கல.

துல்மா கதவைத் தெறக்காமலே, “நெர்குய்”னா. பேர் இல்லைன்னு அர்த்தம். காத்துல சுத்துறதை ஏமாத்த, அங்க இப்படியே பேரு வெக்கிறதும் உண்டு.

“பேர் இல்லையா...”ன்னு வெளியில இழுத்துது. அப்புறம் சரக், சரக்னு பனியில காலடி. போயிடுச்சு.

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் மறுபடியும் டொக், டொக். இந்தத் தடவை துல்மாவோட அம்மா குரல். “குளுருதுடி மகளே. பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்டி, ஒரே ஒரு தடவை.”

துல்மாவுக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. அவ அம்மா நாலு நாள் குதிரைப் பயணத் தூரத்துல, படுத்த படுக்கையா இருக்கா. ஆனாலும் அம்மா குரல் அம்மா குரல்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு, “எனேபிஷ்”னா. இது இல்லைன்னு அர்த்தம்.

“இது இல்லையா? அப்போ எது?” கதவை நகத்தால பிராண்டுது. கர்ர்ர்... கர்ர்ர். அப்புறம் கப்சிப்.

மூணாவது தடவை தட்டவே இல்ல. “துல்மா, நான்தான்! கை விறைச்சுப் போச்சு, தெற!” தோர்லிக் குரல். அதே இருமல். அவ தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டா. “நாம பேசி வெச்ச பேரு, இந்தக் குளுருல மறந்தே போச்சு. சொல்லேன்.”

அவ குனிஞ்சு பாத்தா. கதவுக்கு அடியில இடுக்குல ஒரு பூட்ஸ் காலு. வாசப்படி மேலயே ஏறி நிக்குது. அந்த நாட்டுல நடக்கத் தெரிஞ்ச கொழந்தை கூட வாசப்படியை மிதிக்காது கண்ணு. மிதிச்சா வீட்டுக்காரன் கழுத்தை மிதிச்ச மாதிரி.

வெடுக்குனு கையை எடுத்தா. புள்ளையை மாரோட அணைச்சுக்கிட்டு, “ஹூன்பிஷ்! இங்க இருக்கறது ஹூன்பிஷ்!”னு கத்தினா. மனுஷப் பொறப்பே இல்லைன்னு அர்த்தம்.

வெளிய மூச்சுச் சத்தம். புஸ்ஸ்... புஸ்ஸ்... ரொம்பக் கிட்டக்க. அப்புறம் அந்தக் காலு படியை விட்டு எறங்கிடுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு வள்வள்னு நாய் துள்ளிக் குலைச்சுது. நிஜ தோர்லிக், படியைத் தாண்டி உள்ள வந்தான். மீசையெல்லாம் பனி. “ஏண்டி, நீ எதுக்கு இந்தப் பனியில வெளிய வந்த?”

“நான் எங்க வந்தேன்?”

“பாறைகிட்ட நின்னியே. புள்ள பேரு மறந்துடுச்சுன்னு அழுதியே.”

துல்மா அவன் கையை இறுக்கிப் பிடிச்சா. “சொல்லிட்டீங்களா?”

அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டான்.

அப்போ, கூரை நடுவுல புகை போற ஓட்டை வழியா ஒரு குரல் எறங்கிச்சு. மெதுவா, தாலாட்டு மாதிரி. “அல்தான்ஸுல்... அல்தான்ஸுல்...” பொன் விளக்குன்னு அர்த்தம். அதுதான் கண்ணு, அந்தப் பேரு.

கொழந்தை கண்ணைத் தெறந்துச்சு. தலையைத் திருப்பப் பாத்துச்சு. துல்மா சட்டுனு குனிஞ்சு, அந்த நாட்டு வழக்கப்படி அது காதுல மூணு தடவை சொன்னா: “உன் பேரு ஹூன்பிஷ். ஹூன்பிஷ். ஹூன்பிஷ்.” தோர்லிக் மேல பாத்து, “அப்படி யாரும் இங்க இல்ல”ன்னான். சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு.

அது காத்தோட போயிடுச்சு, புல்வெளி பூராத் தேடிக்கிட்டு.

ஹூன்பிஷ் வளந்தா. குதிரை ஏறினா. பேரன் பேத்தி எடுத்தா. ஆனா துல்மா, அத்தனை ஆசையா வெச்ச அந்தப் பேரைச் சொல்லி, சாகுற வரைக்கும் ஒரு தடவை கூட மகளைக் கூப்பிடல.

கதை அவ்வளவுதான். போத்திக்கிட்டு, கண்ணை மூடு.