அணில் பூக்கவைத்த மரம்

மலையுச்சி ஊசியிலைக் காட்டில் ஓர் அணில் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. அந்தக் காட்டு மரங்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் எல்லாம் சேர்ந்து பூக்கும், அப்போதுதான் தின்ன விதை கிடைக்கும். மற்ற வருஷங்களில் அணில்கள் காளான் பொறுக்கி, கிளையில் காயவைத்து, உறைபனிக் காலத்தை ஓட்டும்.

நம் அணிலுக்கு அந்தப் பொறுமை ஏது!

"காளான் தின்ன நான் என்ன நத்தையா?" என்று சீறியது. நேராக முள்ளம்பன்றியிடம் போனது. "அண்ணே, என் மரத்துப் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடுங்கள். உயிர்ப்பயம் வந்தால் தன்னால் பூக்கும்!"

"பட்டை என்றால் எனக்குக் கசக்குமா என்ன!" என்றது முள்ளம்பன்றி. கடித்தும் விட்டது.

மரங்கொத்தி பதறியது. "அடி பாவி! பக்கத்தில் ஒரு மரம்கூடப் பூக்கவில்லை. இதன் மகரந்தம் இதன் மேலேயே விழும். விதை உருப்படுமா? காய்த்ததும் ஒன்றை உடைத்தாவது பார்!"

"உங்களுக்குப் பொறாமை, அக்கா! போய்ப் புழுவைத் தேடுங்கள்!"

மரம் பூத்தது. இலை தெரியாமல் காய்த்தது! அணில் காய்களைச் சுமந்து சுமந்து பொந்தை நிரப்பியது. ஒன்றையாவது உடைத்துப் பார்த்ததா? இல்லை. குவியலைப் பார்த்தே அதற்கு வயிறு நிறைந்துவிட்டது. காளான் காலம் போயே போய்விட்டது.

உறைபனி இறங்கியது. கடைக்குட்டி முதல் விதையைக் கடித்தது.

"அம்மா, இதில் ஒன்றுமே இல்லை."

"வேறு எடுடா!"

"இதிலும் இல்லையம்மா."

அணில் வெறிபிடித்தாற்போல் ஒவ்வொன்றாக உடைத்தது. எல்லாம் வெறும் தோல். நூற்றில் ஒன்றில் சுருங்கிய பருப்பு. மரங்கொத்தி மரப்புழு கொண்டுவந்து கொடுத்தது. இரண்டு குட்டிகள் பிழைத்தன. கடைக்குட்டிக்கு விழுங்கத் தெம்பில்லை. அம்மாவின் வாலுக்குள்ளேயே அது அடங்கிப்போனது.

பனி விலகியபோது மரமும் பட்டுப்போயிருந்தது. அதனடியில் சிதறியதில் நாலு விதை முளைத்தது. நாலும் வெளிறி, கோணலாக நின்றன. ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்கவில்லை.

அடுத்த காளான் காலத்தில் அணில் இரண்டு குட்டிகளோடும் காளான் பொறுக்கப் போனது.

காத்திருக்க மனமில்லாமல் வதைத்து வாங்கிய விளைச்சல், கண்ணை நிறைக்குமே தவிரப் பிள்ளைகளின் வயிற்றை நிறைக்காது.