மேசையில் இரண்டு பூ

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

திருப்பூரில் குழந்தைகள் கவுன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற சென்னியப்பன் என்று ஒரு முதலாளி. கவுனில் ஊசிநூலால் பூப் போடும் கைவேலையை வெளியே கொடுக்க நினைத்தார். ஏஜென்சிக்கா, ஆன்லைன் ஆப்புக்கா என்று முடிவு பண்ண முடியாமல் இரண்டிடமும் மாதிரி வாங்கி மேசையில் பரப்பியிருந்தார்.

அப்போது பூத்தையல் போடுகிற மயிலாத்தாள் அவர் முன்னால் போய் நின்றாள். "எங்க தெருவுல பதினோரு பேர் பூப் போடறோமுங்க. வேலையை நேரா எங்களுக்கே குடுங்க. நடுவுல ஆள் இருந்தா எங்களுக்கு அரைக்கூலிதான்."

முதலாளி சிரித்தார். "உனக்கு ஆபீஸ் இருக்கா அம்மிணி? ஆப்புல எத்தனை ஸ்டாரு? சரி, இந்த ரெண்டையும் விட நல்லதா ஒரு பூப் போட்டுக் காட்டு, உனக்கே தர்றேன்."

அவள் துணிகளைத் திருப்பிப் பார்த்தாள். "அது என்னால ஆகாதுங்க."

"அப்படி வா வழிக்கு."

"ரெண்டும் நான் போட்டதுங்க. ஒண்ணு ஏஜென்சிக்காரர் எங்கிட்டப் போடக் குடுத்தது, இன்னொண்ணு ஆப்புல ஆர்டர் எடுத்தவர் குடுத்தது. என்னை விட நல்லா நான் எப்படிங்க போடறது?"

அவர் நம்பவில்லை. மயிலாத்தாள் இடது கையில் ஊசியைப் பிடித்து, ஒரு துண்டுத் துணியில் அங்கேயே பூப் போட்டாள். இடதுகைக்காரியின் தையல் மற்றவர்கள் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாயும். மூன்று பூவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"அப்போ ஏஜென்சி மூலமாவே நீ செய்யேன்" என்று இழுத்தார் முதலாளி.

"இனி யார் மூலமாவும் எங்க தெருவுல ஊசி எடுக்க மாட்டோமுங்க" என்றாள். மூன்று துணியையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த இன்னொரு கவுன் கம்பெனியின் படியேறினாள்.